உப்புக்காற்று ஊரில் பின் ஸ்பிராக்கெட்டும் கேரியரும்: பார்த்து வாங்கி மாட்டும் முறை

மதுரையில் ஒரு பைக்கின் செயின் செட் (செயினும் அது ஓடும் பல்சக்கரங்களான முன், பின் ஸ்பிராக்கெட்டுகளும்) இவ்வளவு தூரம் ஓடும் என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கை மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ கொண்டுவர முடியாது. அதே வண்டி, அதே ஆள் என்றாலும், இங்கே பல் தேய்ந்து முடிவதற்குள் வேறு ஏதாவது முந்திக்கொள்ளும். பின் ஸ்பிராக்கெட்டைச் சக்கரத்தோடு சேர்க்கும் கேரியரின் பேரிங் துருவேறிச் சத்தம் போடும். ஸ்பிராக்கெட் போல்ட் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு கழற்ற வராது. ஸ்பிராக்கெட்டை மட்டும் மாற்றலாம் என்று மெக்கானிக்கிடம் போனால் அவர் கேரியரையே தூக்கிக் காட்டி, "இது தாங்காதுண்ணே" என்பார்.

அதனால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டி இருக்கிறவர்கள் கம்பெனி பாகத்துக்கு மாற்றாக வெளிப் பாகம் வாங்கும்போது, பல்லின் எண்ணிக்கையைக் கடைசியில் யோசிக்கலாம். உலோகம், போல்ட், பேரிங், ரப்பர் இந்த நாலும்தான் முதலில். இந்த வழிகாட்டியிலும் இந்த நாலுக்கும் பிறகுதான் பல் எண்ணிக்கை வருகிறது.

உப்பு எங்கே கைவைக்கிறது

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை நெருங்கியதும் சமையல் உப்பே கசியத் தொடங்கிவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரமே கசியும். மழையே இல்லாத மாதத்திலும் விடிகாலையில் வண்டி சீட் பிசுபிசுப்பது இதனால்தான். செயினிலும் ஸ்பிராக்கெட்டிலும் படிந்த உப்பு அவற்றை ராத்திரி முழுக்க ஈரத்திலேயே வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது இந்தக் காற்றுக்காகத்தான். அதே காற்றில்தான் நம் செயின் திறந்தபடி ஓடுகிறது.

அடுத்தது மணல். அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை வந்த பிறகு தனுஷ்கோடிக்கு பைக் போவது சாதாரணமாகிவிட்டது. காற்று காலத்தில் சாலையின் மேலேயே மணல் ஓடும். எண்ணெய் சொட்டும் செயினில் அந்த மணல் ஒட்டினால் பல்லையும் ரோலரையும் அரைக்கும் பசையாகிவிடும்.

மூன்றாவதைக் கடலோரத்துக்காரர்கள் மட்டுமே பார்ப்பார்கள். மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர். பின்னால் பெட்டி கட்டி ஓடும் வண்டியில் அந்தத் தண்ணீர் ஒழுகிச் சேரும் இடம் பெரும்பாலும் பின் சக்கரத்தின் நடுப்பகுதிதான். மீன் ஏற்றுகிறவர் எவ்வளவு நல்ல ஸ்பிராக்கெட் வாங்கினாலும், பெட்டியின் வடிகுழாயைச் செயின் இல்லாத பக்கம் திருப்பி, ஒரு முழம் டியூப் மாட்டிச் சக்கரத்துக்கு வெளியே விடாதவரை பணம் தண்ணீரோடு போகும். கடைக்குப் போவதற்கு முன் அந்த டியூபை மாட்டிவிடுங்கள்.

முதல் வேலை: இருப்பதைச் சோதித்துப் பார்ப்பது

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அளந்து பார்க்கலாம். 428 செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவிலிருந்து 20 கண்ணி எண்ணி அளந்தால் புதுசில் 254 மி.மீ. இருக்கும். 2 விழுக்காடு நீட்சி, அதாவது 259 மி.மீ., பொதுவாகச் சொல்லப்படும் கடைசி எல்லை. உங்கள் வண்டியின் கையேடு இன்னும் குறைவாகச் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பற்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தால் அது சாதாரணத் தேய்வு. பல்லின் பக்கவாட்டில், ஒரு புறம் மட்டும், பளபளவென்று தேய்ந்திருந்தால் சக்கரமோ கேரியரோ நேராக இல்லை. இந்த இரண்டாவது வகையில் புது ஸ்பிராக்கெட் மட்டும் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை. நீண்ட செயின் புதுப் பல்லைத் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளும்.

கேரியர்: யாரும் பார்க்காத பாகம்

பின் ஸ்பிராக்கெட் நேராகச் சக்கரத்தில் மாட்டப்படுவதில்லை. நடுவில் ஒரு வார்ப்பு அலுமினியத் துண்டு இருக்கும். பாகப் பட்டியலில் கேரியர் என்று இருப்பதை நம் பக்கத்துக் கடைகளில் கப்ளிங், ஸ்பிராக்கெட் டிரம் என்றெல்லாம் கேட்பார்கள். அதன் பின்பக்கத்துக் கட்டைகள் சக்கர ஹப்பிலுள்ள (சக்கரத்தின் நடுப்பகுதி) ரப்பர்களுக்கு நடுவே போய் உட்காரும். கியர் மாற்றும்போதும் திடீரென்று ஆக்சிலரேட்டர் திருகும்போதும் வருகிற அதிர்ச்சியை அந்த ரப்பர்கள்தான் வாங்கிக்கொள்கின்றன. கேரியருக்குத் தனி பேரிங் உண்டு. சில பழைய வண்டிகளில் தனி கேரியர் கிடையாது. ஸ்பிராக்கெட்டின் ஸ்டட்கள் ஹப்பிலுள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் நேராக இறங்கும். அந்த வண்டிக்காரர்கள் புஷ்ஷையும் ஸ்டட்டையும் பார்த்தால் போதும்.

சோதிப்பது எளிது. சக்கரத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். ரப்பர் அமுங்குவது கையில் தெரிய வேண்டும். எதுவும் தடுக்காமல் லொடக்கென்று நகர்ந்து பிறகு இடித்தால் ரப்பர் போய்விட்டது. அடுத்து ஸ்பிராக்கெட்டின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ, பேரிங் உட்காரும் குழியோ தேய்ந்திருக்கிறது.

ரப்பர் போன வண்டிகளில் பழைய டியூபை வெட்டி இடுக்கில் செருகுவது நம் ஊரில் வழக்கம். கொஞ்ச நாள் சத்தம் நிற்கும். ஆனால் எல்லா இடுக்கிலும் ஒரே தடிமன் வராது, அதனால் நாலு கட்டையில் ஒன்றுதான் முழுச் சுமையையும் தாங்கும். கேரியர் விரிசல் விடுவது பெரும்பாலும் அந்தக் கட்டையின் அடியில்தான். ரப்பர் செட் விலை அதிகமில்லை. ஸ்பிராக்கெட் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவது நல்லது.

சக்கரத்தைக் கழற்றியதும் கேரியரைத் தனியே எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். கட்டைகளின் அடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா? போல்ட் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டனவா? துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா? அந்த வெள்ளைப் பொடிதான் நம் கரையின் அடையாளம். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிபடும். அரிபட்ட பொடி உப்பிக்கொண்டு போல்டை நெருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் மரையோடு சேர்ந்து வரும். பொடி மேலாக மட்டும் இருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து ஓட்டலாம். மரை போயிருந்தாலோ துளை நீண்டிருந்தாலோ கேரியரை மாற்றித்தான் ஆக வேண்டும். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். வார்ப்பு அலுமினியத்தில் வெல்டிங் வைத்தால் முகம் கோணும், கோணிய முகத்தில் ஸ்பிராக்கெட் ஆடிக்கொண்டே சுற்றும். நான் அதற்குப் பணம் கொடுக்க மாட்டேன்.

புதுக் கேரியர் வாங்கும்போது மூன்று வகை கண்ணில் படும். கம்பெனியின் சொந்தப் பாகம், அதே அளவில் வேறு ஆட்கள் வார்த்த மலிவுப் பாகம், சி.என்.சி. என்னும் கணினி இயந்திரத்தில் கடைந்த பளபள பாகம். நூறு, நூற்றைம்பது சி.சி. வண்டிக்குக் கம்பெனிப் பாகம் கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலிவு வார்ப்பில் பார்க்க வேண்டியது பேரிங் குழி. உங்கள் பேரிங்கைக் கையால் அழுத்தியே முழுக்க உள்ளே தள்ள முடிந்தால் வேண்டாம், அது இறுக்கமாகத் தட்டித்தான் இறங்க வேண்டும். கடைந்த கேரியர் வாங்குகிறவர்கள் எந்த எண்ணுள்ள அலுமினியக் கலவை என்று கேளுங்கள். 7075 வலுவானது, ஆனால் அதில் செம்பு கலந்திருப்பதால் உப்புக்குச் சீக்கிரம் இளகும். 6061 வலுவில் கொஞ்சம் குறைவு, கடற்கரைக்கு அதுதான் தாங்கும். இரண்டிலும் அனோடைஸ் பூச்சு கீறாமல் இருக்க வேண்டும்.

ஸ்போக் துருப்பிடிக்கிறது என்று வேறு மாடலின் அலாய் வீலை மாட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்கு ஒரு வார்த்தை: வீலோடு அதற்குரிய கேரியர், ரப்பர், ஸ்பேசர் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய கேரியர் புது ஹப்பில் எப்படியோ உட்கார்ந்துவிடும், ஆனால் ஸ்பிராக்கெட் இரண்டு மூன்று மி.மீ. உள்ளேயோ வெளியேயோ நிற்கும். பல்லின் ஒரு பக்கத் தேய்வு தொடங்குவது அங்கேதான்.

பேரிங்கின் எண் அதன் விளிம்பிலேயே இருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. 6204 என்றால் 20, 47, 14. எண்ணுக்குப் பின்னால் வருவதுதான் நமக்கு முக்கியம். 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றால் தகர மூடி, தூசியைத் தடுக்கும், உப்புத் தண்ணீரைத் தடுக்காது. எதுவும் இல்லையென்றால் திறந்த பேரிங். 2ஆர்எஸ் கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசம் சொற்பம். வெளி ஆயில் சீலையும் கூடவே புதுசாகப் போடுங்கள். உள்ளே இருக்கும் சிறு குழாய்த்துண்டை, அதாவது ஸ்பேசரை, கழற்றும்போது கீழே உருளவிட்டு மறந்துவிட வேண்டாம். அது இல்லாமல் அச்சை முறுக்கினால் புது பேரிங் பக்கவாட்டில் நசுங்கிச் சீக்கிரமே கரகரக்கும்.

அளவெடுப்பது

மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் பெரும்பாலும் சரியாகத்தான் வரும். ஆனால் ஒரே பெயரில் ஆண்டுக்கு ஆண்டு கேரியர் மாறிய வண்டிகள் உண்டு, வீல் மாற்றிய வண்டிகளும் உண்டு. ஒரு வெர்னியர் காலிப்பர் கையில் இருந்தால் பஸ் ஏறி இரண்டாம் முறை ராமநாதபுரம் போக வேண்டியிருக்காது.

செயின் எண்தான் முதல் அளவு. செயின் தகட்டிலேயே அடித்திருக்கும். 4 என்று தொடங்கினால் கண்ணி இடைவெளி 12.7 மி.மீ., 5 என்று தொடங்கினால் 15.875 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கங்கள் அகலத்துக்கு. 420-க்கும் 428-க்கும் கண்ணி இடைவெளி ஒன்றுதான், அகலமும் ரோலரும் வேறு. 420 ஸ்பிராக்கெட்டில் 428 செயின் ஏறிவிடும், ஏறிய பிறகு அசைந்தாடும். ஏறுகிறது என்பதால் பொருந்துகிறது என்று நினைக்கக் கூடாது.

அடுத்து நடுத்துளையின் விட்டம். ஸ்பிராக்கெட்டை மையத்தில் நிறுத்துவது பெரும்பாலான வண்டிகளில் இந்தத் துளைதான், போல்டுகள் பிடித்து மட்டும் வைக்கும். துளை சிறிதாக இருந்தால் லேத் பட்டறையில் பெரிதாக்கலாம், மையம் தப்பாமல் கடைகிற ஆளாக இருந்தால். பெரிதாக இருந்தால் அந்த ஸ்பிராக்கெட்டையே விட்டுவிடுங்கள்.

அப்புறம் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், கடைக்காரர் பி.சி.டி. என்பார். நாலு அல்லது ஆறு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் போதும். மையத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், அதனால் ஒரு துளையின் உள்விளிம்பிலிருந்து எதிர்த்துளையின் உள்விளிம்பு வரை அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து துளை என்றால் எதிரே துளை இருக்காது. பக்கத்துத் துளைகளின் மைய தூரத்தை 0.588-ஆல் வகுக்க வேண்டும். மூன்று துளைக்கு 0.866. இரண்டு மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, மாட்டும்போதுதான் தெரியும்.

கடைசியாக, தட்டையான ஸ்பிராக்கெட்டா, தட்டுபோல் நடுவில் குழிந்ததா என்று பாருங்கள். தரையில் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். குழிவு எவ்வளவு என்பதும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது பழைய ஸ்பிராக்கெட்டைக் கையோடு எடுத்துப் போய்ப் புதியதன்மேல் வைத்துத் துளை துளையாகப் பார்ப்பதை விட நல்ல சோதனை இல்லை.

எந்த உலோகம்

இரும்புதான். இந்தக் கரைக்கு வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லா இரும்பும் ஒன்றல்ல. நடுத்தரக் கார்பன் எஃகில் செய்து பல்லை மட்டும் இண்டக்‌ஷன் முறையில் சூடேற்றிக் கடினமாக்கியதுதான் வேண்டும். பல ஸ்பிராக்கெட்டுகளில் பல்லின் ஓரம் லேசான நீலம் அல்லது கருமை படிந்து தெரியும், அந்தச் சூட்டின் தடம் அது. மேலே கறுப்பு அடித்திருந்தால் தெரியாது. ஒரு மெல்லிய அரத்தைப் பல்லின் ஓரத்தில் லேசாக ஓட்டினால் கடினமான பல்லில் அது வழுக்கும், மெத்தென்ற இரும்பில் பிடித்துச் சுரண்டும். கடையில் இதைச் செய்ய விடமாட்டார்கள். வாங்கி வந்து உரசிப் பாருங்கள், அடுத்த முறை எந்தப் பெயரை வாங்கக் கூடாது என்றாவது தெரியும்.

7075 அலுமினிய ஸ்பிராக்கெட் எடை குறைவு, பார்க்க அழகு. பந்தயத்துக்குச் சரி. தனுஷ்கோடி மணலில் அதன் பல் இரும்பை விட வெகு சீக்கிரம் போகும். அனோடைஸ் பூச்சு பல்லில் முதலில் உதிர்ந்துவிடும், அதற்குப் பிறகு உப்புக்கு நேரடி விருந்து. நடுவில் அலுமினியமும் வெளி வளையத்தில் இரும்புப் பல்லுமாக ரிவெட் அடித்து வருபவையும் உண்டு. பெரிய வண்டிகளுக்கு அவை நல்ல பொருள். ஆனால் இரண்டு உலோகம் சேரும் இடம் இன்னொன்று கூடுகிறது. வாரம் ஒருமுறை கழுவுகிறவர் மட்டும் வாங்கட்டும்.

பூச்சில் ஏமாற வேண்டாம். துத்தநாகப் பூச்சு உடம்புப் பகுதியை ஓரளவு காக்கும், பல்லில் செயின் ஓடியதும் போய்விடும். கேரியரைத் தொடுகிற முகத்தில் தடித்த பவுடர் கோட்டிங் இருந்தால் மாட்டும் முன் அந்த இடத்தில் மட்டும் சுரண்டி எடுங்கள். பெயிண்ட் நாளடைவில் நசுங்கி போல்ட் தளரும்.

செயினுக்கு ஓ-ரிங் வகை கிடைத்தால் இந்த ஊரில் அந்தக் கூடுதல் பணம் வீணாகாது. பின்னுக்குள் கிரீஸை ரப்பர் வளையம் பூட்டி வைத்திருப்பதால் உப்பும் மணலும் உள்ளே போகாது. 428-லும் கிடைக்கிறது. கொஞ்சம் அகலம் கூடும், செயின் கவரிலோ எஞ்சின் கவரிலோ உரசுகிறதா என்று சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுதாக மூடிய செயின் கவர் உள்ள வண்டி வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து அதைக் கழற்றி ஓரமாக வைக்காதீர்கள். ஸ்டைல் குறைவுதான். எந்தப் பூச்சும் செய்யாத வேலையை அந்தத் தகரம் செய்கிறது.

போல்ட்

துரு என்றதும் எல்லாரும் ஸ்டெயின்லெஸ் போல்ட் தேடுவார்கள். ஸ்பிராக்கெட்டுக்கு அது வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ், 8.8 என்று தலையில் எண் போட்ட எஃகு போல்டை விட வலுவில் குறைவு. கம்பெனி பல வண்டிகளில் அதைவிட வலுவான 10.9 கூடப் போட்டிருக்கும். தவிர, ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்பில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அலுமினியம்தான் அரிபடும். துத்தநாகப் பூச்சுள்ள, பழையதில் இருந்த அதே எண் கொண்ட எஃகு போல்டையே வாங்குங்கள். போல்ட் தளராமல் தலையோடு மடக்கிவிடும் மடக்குத் தகடு இருந்தால் அதுவும் புதுசு, ஒருமுறை மடக்கியதை மறுபடி நிமிர்த்திப் போட்டால் உடையும். ஆலன் சாவித் தலையுள்ள போல்ட் என்றால் மாட்டிய பின் அந்தக் குழியில் கொஞ்சம் கிரீஸ் அப்பி வையுங்கள். மணலும் உப்பும் போய்த் துருவேறினால் அடுத்த முறை சாவி வழுக்கும்.

இப்போது பல்

முன்னால் 14, பின்னால் 42 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 3. பின்னால் ஒரு பல் கூட்டினால் 3.07, அதாவது சுமார் 2.4 விழுக்காடு இழுவை கூடும். முன்னால் ஒரு பல் குறைத்தால் 3.23, கிட்டத்தட்ட 7.7 விழுக்காடு. முன்னால் ஒன்று, பின்னால் மூன்றுக்குச் சமம். முன் ஸ்பிராக்கெட் மலிவு என்பதால் பலர் அதில் கை வைப்பார்கள். ஆனால் சிறிய முன் ஸ்பிராக்கெட்டில் செயின் அதிகமாக மடிந்து சீக்கிரம் தேயும். அதனால் பின்னால் கூட்டுவதே மேல்.

நம் மாவட்டம் சப்பைத் தரை, மலை இல்லை, அதனால் பல்லைக் குறைத்து வேகம் கூட்டலாம் என்று ஒரு கணக்கு ஓடும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று காலத்தில் பாம்பன் சாலைப் பாலத்தில் எதிர்க்காற்றில் ஏறிப் பாருங்கள். டாப் கியரில் வண்டி திணறிக் கீழே இறக்கச் சொல்லும். சிறிய எஞ்சினுக்கு இங்கே காற்றுதான் மலை. கம்பெனி கொடுத்த எண்ணிக்கையே தனியாகப் போகிறவருக்குச் சரி. மீன் பெட்டி, கடல்பாசி மூட்டை, தண்ணீர்க் குடம் என்று தினம் சுமை ஏற்றுகிறவர் பின்னால் ஒன்று அல்லது இரண்டு கூட்டலாம். கிளட்ச் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அதற்கு மேல் போனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும், பெட்ரோலும் கூடும்.

பல் கூட்டினால் இடம் பார்க்க வேண்டும். 12.7 மி.மீ. செயினில் ஒரு பல் கூடினால் ஸ்பிராக்கெட்டின் விட்டம் 4 மி.மீ. கூடும், அச்சு 3 மி.மீ.க்குச் சற்று அதிகமாக முன்னால் நகர வேண்டியிருக்கும். மூடிய செயின் கவரில் இரண்டு பல்லே உரசலாம். வேகமானி கியர்பாக்ஸிலிருந்து ஓடும் வண்டியாக இருந்தால் காட்டும் வேகமும் கிலோமீட்டரும் மாறும், முன்சக்கரத்திலிருந்து ஓடினால் மாறாது.

முடிந்தால் ஒற்றைப்படை எண். செயினில் எப்போதும் இரட்டைப்படைக் கண்ணிகள். ஸ்பிராக்கெட்டும் இரட்டையாக இருந்தால் ஒரு பல்லுக்கு எப்போதும் ஒரே வகைக் கண்ணிதான் வந்து விழும். 43 போட்டால் மாறி மாறி விழுந்து தேய்வு பரவும். இதற்காகவே மாற்ற வேண்டியதில்லை. மாற்றத்தான் போகிறோம் என்றால் கவனத்தில் வைக்கலாம்.

கடையில்

செயின், ஸ்பிராக்கெட் தொழிலில் தமிழ்நாடு சளைத்ததல்ல. ரோலான் பெயரில் வருபவை கோயம்புத்தூரின் எல்.ஜி.பி. செய்பவை, டைமண்ட் செயின் சென்னை முருகப்பா குழுமத்துடையது. இந்த மாதிரி அறிந்த பெயர்களிலேயே போலியும் வரும். எம்.ஆர்.பி. சீட்டு, தயாரித்த மாதம், பாக எண் மூன்றும் அட்டைப்பெட்டியில் இருக்கிறதா, ஸ்பிராக்கெட்டின் மேல் பல் எண்ணிக்கையும் செயின் எண்ணும் ஆழமாக அடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிராக்கெட்டைக் கண்ணாடிக் கல்லாவின் மேல் படுக்கவைத்துத் தட்டினால் ஆடக் கூடாது. பில் வாங்குங்கள், "மாட்டிப் பார்த்துட்டு சேரலைன்னா மாத்தித் தருவீங்களாண்ணே?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எண்ணெய் பட்ட பிறகு யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

மாட்டுவது

கேரியரின் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்துத் துடையுங்கள். ஒரு மணல் துணுக்கு நடுவில் மாட்டினாலும் ஸ்பிராக்கெட் நெளிந்து சுற்றும். எண் அடித்த பக்கம் வெளியே பார்க்கட்டும், குழிந்த ஸ்பிராக்கெட் என்றால் பழையது எந்தப் பக்கம் பார்த்ததோ அப்படியே. கேரியரைத் தொடும் முகத்தில் மெல்லிய கிரீஸ் பூச்சு போதும், உப்பு உள்ளே போகாது. போல்ட் மரையில் நடுத்தர வலுவுள்ள நீல நிறத் திரெட்லாக், அதாவது போல்ட் தளராமல் பிடிக்கும் பசை, ஒரு சொட்டு. அது மரையையும் மூடிவிடுவதால் வெள்ளைப் பொடி பூப்பது குறையும். மரையில் கிரீஸையும் திரெட்லாக்கையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டும் வேலை செய்யாது.

போல்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கையேட்டில் அளவு இருக்கும். இல்லாவிட்டால், 8.8 எண்ணுள்ள 8 மி.மீ. போல்டுக்குப் பொதுவாக இறுக்க அளவு 25 நியூட்டன் மீட்டர். அலுமினிய மரையில் கைப்பலத்தைக் காட்ட வேண்டாம்.

சக்கரத்தை மாட்டியதும் செயின் தொய்வு. பெரும்பாலான சிறு வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. மேலும் கீழும் ஆட வேண்டும். சுமை ஏற்றும் வண்டியாக இருந்தால் ஒரு ஆளை உட்காரவைத்தும் பாருங்கள், அப்போதும் கம்பிபோல் விறைக்கக் கூடாது. இறுக்கமான செயின் முதலில் கொல்வது நீங்கள் இப்போது போட்ட கேரியர் பேரிங்கைத்தான். இரு பக்க அட்ஜஸ்டரின் கோடுகளை மட்டும் நம்பாமல், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்ம் வண்டியோடு சேரும் முளையின் மையத்திலிருந்து அச்சின் மையம் வரை இரு பக்கமும் நூல் பிடித்து அளந்து ஒன்றாக வையுங்கள். செயினின் இரு முனையையும் சேர்க்கும் செயின் லாக்கின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஸ்பிராக்கெட்டின் ஓரத்தருகே ஒரு ஸ்குரூடிரைவரை அசையாமல் பிடித்தால் நெளிவு தெரியும். இடைவெளி அரை மி.மீ.க்கு மேல் கூடிக் குறைந்தால் கழற்றி முகத்தை மறுபடி பாருங்கள்.

பிறகு

முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குள் போல்டுகளை ஒருமுறை சோதித்து, தொய்வையும் சரிசெய்யுங்கள். புதுச் செயின் முதலில் கொஞ்சம் நீளும்.

தனுஷ்கோடி, சேதுக்கரை, வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போய் வந்த அன்றே செயினையும் கேரியர் ஓரத்தையும் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் ஊரில் பாதி போர் உப்புதான், கழுவுவதாக நினைத்து இன்னும் கொஞ்சம் உப்பைப் பூசுவீர்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளி எடுத்து வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் திட்டு விழும்தான், ஒரு வாளிக்கு மேல் கேட்காமல் இருந்தால் சமாளிக்கலாம். வாட்டர் சர்வீஸ் கடையில் பீய்ச்சி அடிக்கும்போது கேரியர் சீலுக்கு நேராகக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செயினை மண்ணெண்ணெயும் மெத்தென்ற பிரஷும் கொண்டு துடைக்கலாம். பெட்ரோலும் கம்பித் தூரிகையும் ஓ-ரிங்கைக் கெடுக்கும். காய்ந்ததும், ஈரமாகச் சொட்டாத, மெழுகுபோல் படியும் செயின் லூப் (மசகு) தெளித்து, ராத்திரி அப்படியே விட்டு, காலையில் மிச்சத்தைத் துணியால் வழித்துவிட்டு வண்டியை எடுங்கள்.

அரிச்சல்முனைப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் சீட்டுக்கு அடியில் அந்தச் செயினுக்குரிய ஒரு லாக்கும், ஒரு பிளையரும், இரண்டு ஸ்பிராக்கெட் போல்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சங்கு விற்கும் கடைகள் இருக்கும், ஸ்பேர் பார்ட்ஸ் கடை கிடையாது.